ஒன்பது கஜத்தில் பிடிபட்டவன்

ஒஹையோ ஆற்றை ஒட்டிய கோல்ட்டன் ஊரில் நான்கு பேர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தால், காப்பி ஆறுவதற்குள் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குகளாக ஆடியவர்களில் பெரிய ஆட்டக்காரன் யார், வெர்ன் ஹவ்லிக்கா, ரஸ்ஸல் டீட்ஸா? யார் அதிகம் ஜெயித்தார்கள் என்பதல்ல கேள்வி. அதற்குக் கணக்கு இருக்கிறது, அதில் சண்டை போட முடியாது. உடம்பு யாருடையது மேல் என்பதுதான் கேள்வி. யார் வேகம், யார் பலம், பந்தைக் கையில் வாங்கிய அரை நொடியில் எறிவதா ஓடுவதா என்று முடிவெடுத்துத் திரும்புகிற அந்தத் திரும்பல் யாருக்கு வாய்த்தது என்பது. இருவரும் ஆடி முடித்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சண்டைக்கு வயதாகவில்லை.

வெர்ன் பக்கத்து ஆட்கள் கால்களைப் பற்றிப் பேசுவார்கள். தடை ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவது வந்தவன். தேவாலயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு காரின் முன்பக்கத்தை ஓடிவந்து ஒரே தாவலில் தாண்டியவன். அந்தக் கார் பாதிரியாருடையது, அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார்கள். ரஸ் பக்கத்து ஆட்கள் தோளைப் பற்றிப் பேசுவார்கள். முதுகில் மூன்று பேர் தொங்க எல்லைக்கோட்டுக்குள் நடந்தே போனவன். அவன் எறிந்த பந்தைப் பிடித்தவர்கள் ராத்திரி விரலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

"வெர்ன் மான்டா. ரஸ் எருமை."

"எருமைதானே கோட்டைத் தாண்டுச்சு? உன் மான் எங்க போய் விழுந்துச்சு? ஒன்பது கஜம் பாக்கி வெச்சிட்டு! அதுவும் யார் கையில? வார்ட்டன்காரங்களோட அந்த குண்டன் கையில!"

இதைச் சொன்னதும் வெர்ன் பக்கம் எப்போதும் வாயடைத்துப் போகும். எண்பத்து மூன்றாம் வருடக் கடைசி ஆட்டம். பக்கத்து ஊரான வார்ட்டனிடம் கோல்ட்டன் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடிகளில் வெர்ன் பந்தோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். எதிரே ஒருவரும் இல்லை, வெறும் புல்தரை. ஊரே பெஞ்சின் மேல் ஏறி நின்றது. பின்னாலிருந்து, பீப்பாய் மாதிரி ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ளினான். எல்லைக்கோட்டுக்கு ஒன்பது கஜம் மிச்சம். ஆட்டம் முடிந்தது. வெர்னைப் பார்க்கவென்று வந்திருந்த பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிளம்பிப் போனார்.

நடந்தது என்ன என்பது அன்றைக்கு ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று வெர்ன் நினைத்திருந்தான். ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவனுடைய இடது பாத எலும்பு விரிசல் விட்டுவிட்டது. பயிற்சியாளர் மெக்ரெடி அவனைப் பள்ளி மருத்துவரிடம் காட்டவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் அனுப்பினார். காரை ஓட்டிக்கொண்டு போனவன் ஸ்டோஷ் பிலெஸ்கி. அணியில் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் வெர்னின் கைக்குத் தருகிறவன் அவன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே வெர்னின் கூட்டாளி. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் டாக்டரே வந்து, உடை மாற்றும் அறையின் கழிப்பறையில் வைத்து ஊசி போட்டார். ஸ்டோஷ் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றான். பாதம் மரத்துப்போனது. மரத்த பாதத்தோடுதான் வெர்ன் ஓடினான். கடைசி ஓட்டத்தின் பாதியில் எலும்பு முழுதாக உடைந்தது.

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்டா, வெர்ன். உன்னையும் எந்தக் காலேஜும் எடுக்காது," என்றார் மெக்ரெடி. ஆட்டம் முடிந்த பிறகு வீட்டுப் படியில் பனியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொல்லச் சொன்னார். பதினேழு வயதுப் பையன் சொன்னான். எந்தக் காலேஜும் எப்படியும் எடுக்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. வெர்ன் மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்தான். கோடையில் தார் போட்டான், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். லொரெய்னைக் கட்டிக்கொண்டு அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான், இரண்டு பெண்களை வளர்த்தான். மழை வருவதற்கு முந்தின நாள் இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். ஒன்பது கஜத்தைப் பற்றி யார் கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொண்டு, "குண்டன் அன்னிக்கு நல்லா சாப்பிட்டு வந்திருந்தான்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். உண்மையைத் தானே சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஸ்டோஷ் அப்படியில்லை. எந்த மேசையில் பேச்சு எழுந்தாலும் வெர்னுக்காக எழுந்து நிற்கிறவன் அவன்தான். "அவன் கைக்கு நாலு வருஷம் பந்து குடுத்தவன் நான். பின்னால நிக்கிறவன் மூச்ச வெச்சே அவன் என்ன பண்ணப் போறான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும், ஆடாம பெஞ்சைச் சூடாக்கின பசங்களா?" என்பான். ஒருமுறை இதற்காக மூக்கில் குத்தும் வாங்கியிருக்கிறான்.

போன வருடம் மெக்ரெடி இறந்துபோனார். அதற்கடுத்த ஏப்ரல் மாதம், மைதானத்துக்குப் புது விளக்குகள் போட நிதி திரட்டத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஒரு விருந்து ஏற்பாடானது. விருந்தின் முக்கியமான நிகழ்ச்சி, ஊர் முப்பது வருடமாகப் போட்ட சண்டையை மேடை போட்டுப் போடுவது. வெர்னும் ரஸ்ஸும் மேடையில் உட்காருவார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். கடைசியில் சபை கைதூக்கித் தீர்ப்புச் சொல்லும். வெர்ன் வரமாட்டேன் என்றுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் வழக்கம்போல டோனட் பெட்டியோடு வந்த ஸ்டோஷ் சமையலறை மேசையில் கையூன்றி நின்றான்.

"வா. மெக்ரெடி மண்ணுக்குள்ள போயாச்சு. இனி யாரை நாம காப்பாத்தணும்? நான் சொல்றேன். ஊசி, டாக்டர், கழிப்பறை, எல்லாத்தையும் சொல்றேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடா?"

"எதுக்கா? அந்த ஒன்பது கஜத்தை நீ மட்டுமா சுமந்த? எனக்கும் கனக்குதுடா. நீ வாயே திறக்க வேணாம். சும்மா வந்து உக்காரு. நான் பாத்துக்கறேன்."

ஸ்டோஷ் போன பிறகு வெர்ன் வெகுநேரம் ஜன்னலருகே நின்றான். அடுத்த நாள் லொரெய்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு கோட்டு வாங்கினான். கடைக் கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனை அவள் பார்த்தாள். இந்த மனுஷன் எதற்கும் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

விருந்து நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. வறுத்த கோழி, உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை, பிளாஸ்டிக் குவளைகளில் பீர். மேடையில் வெர்னுக்குப் பக்கத்தில் ரஸ் டீட்ஸ். லாரி விற்கிற கடை வைத்து நன்றாக வாழ்கிறவன். இப்போது எருமையைவிடப் பெரிதாகவே இருந்தான். பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலும் அவன் உறுப்பினர். உள்ளூர் வானொலியில் ஆட்டங்களை வர்ணிக்கிற மெல் என்பவர்தான் மைக்கைப் பிடித்திருந்தார்.

பேச்சு கலகலவென்று போனது. பாதிரியாரின் கார் வந்தது. முதுகில் தொங்கிய மூவர் வந்தார்கள். இந்தத் தடவை நால்வரானார்கள். "ரஸ் ஓடினா மைதானம் ஒரு பக்கமா சாயும்யா!" என்று யாரோ கத்த, ரஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மெல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற விஷயத்துக்கு வருவோம். வார்ட்டன் ஆட்டம்," என்றார். கூடம் ஊ என்று ஊளையிட்டது. "இத்தனை வேகமான ஆளை அந்தப் பீப்பாய் எப்படிப் பிடிச்சான்? அன்னிக்கு வெர்ன் கால்ல ஏதோ கோளாறுன்னு ஒரு பேச்சு உண்டு. கூடவே இருந்தவரைக் கேட்போம். ஸ்டோஷ், எந்திரிங்க. அன்னிக்கு அவர் கால் எப்படி இருந்துச்சு?"

அந்தப் பேச்சைக் கிளப்பியது ஸ்டோஷ்தான், தனக்கு வழி செய்துகொள்ள முன்கூட்டியே மெல்லின் காதில் போட்டிருக்கிறான் என்று வெர்னுக்குப் புரிந்தது. குனிந்து புதுக் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டான்.

ஸ்டோஷ் எழுந்தான். அவன் பக்கத்து நாற்காலியில் அவன் மகன் நேட். பள்ளி அணியின் துணைப் பயிற்சியாளன். தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாகி, அதற்கு விண்ணப்பித்திருந்தவன். அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கப்போகிறது. ஸ்டோஷ் வெர்னைப் பார்த்தான். அப்புறம் ரஸ்ஸைப் பார்த்தான். அப்புறம் கையிலிருந்த பீரைப் பார்த்தான்.

"கால்ல ஒண்ணும் இல்ல," என்றான். "கால் நல்லாத்தான் இருந்துச்சு."

கூடம் சிரித்தது. அதோடு அவன் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"நான் அவன் சிநேகிதன். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல? ரஸ்தான் பெரிய ஆட்டக்காரன். வெர்ன் நல்லா ஓடுவான். ரஸ்ஸுக்கு எல்லாமே வரும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. "பிலெஸ்கியே சொல்லிட்டான்யா!" என்று யாரோ மேசையைக் குத்தினார்கள். மெல் கைதூக்கச் சொன்னார். வெர்ன் கைகளைப் பார்க்கவில்லை. அவை எழும்போது துணி உரசுகிற சத்தத்தை மட்டும் கேட்டான். பிறகு எழுந்து ரஸ்ஸின் கையைக் குலுக்கினான். மைக்கை அவனிடம் நீட்டினார்கள். "குண்டன் அன்னிக்கு நல்லா சாப்பிட்டு வந்திருந்தான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது லொரெய்ன்தான் கார் ஓட்டினாள்.

"திரும்பிப் போய் அவன் மூஞ்சில பீரை ஊத்திட்டு வரட்டுமா? சொல்லு. ஊத்தறேன்."

"விடு."

"எப்படி விடறது? நம்ம பொண்ணுக்கு ஞானத் தகப்பன் அவன்! நீ ஏன் அங்க சொல்லல? உன் வாயில என்ன இருந்துச்சு?"

"அவன் சொல்றேன்னான், லொரெய்ன்," என்றான் வெர்ன். வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டாமல் நாற்காலி மேல் போட்டான். அது நாள் கணக்கில் அங்கேயே கிடந்தது. லொரெய்னும் அதைத் தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு. டோனட் பெட்டி வரவில்லை.

திங்கட்கிழமை மதியம், சாலைத் துறையின் லாரிக் கொட்டகையில் வெர்ன் தார்ச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பெரிய நிழல் விழுந்தது. ரஸ் டீட்ஸ். தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், வெர்ன். நீ அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

"சொல்லு."

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மைதானத்துல இருந்தேன். ஒன்பதாம் கிளாஸ். உங்களுக்குத் தண்ணி தூக்கிட்டு வர்ற பையன். நீ ஒத்தைக் கால்ல தத்தித் தத்தி வந்ததையும் ஸ்டோஷ் உன்னைக் காருக்குள்ள தூக்கி வெச்சதையும் பார்த்தேன். மெக்ரெடி என் சட்டையைப் பிடிச்சு, வெளிய சொன்னா அணியிலேயே உனக்கு இடமில்லைன்னாரு."

வெர்ன் சுரண்டியைக் கீழே வைத்தான்.

"ஸ்டோஷ் எந்திரிச்சதும், சொல்லப் போறான்னு நினைச்சேன்," என்றான் ரஸ். "சொன்னா, ஆமாம், நானும் பார்த்தேன்னு எந்திரிச்சு நிக்கணும்னு இருந்தேன். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நாக்கு எழல. அப்புறம் கையைத் தூக்கினாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, வெர்ன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா பிடிச்சிருந்துச்சு. அந்தக் கோடை முழுக்க உன் பின்னால ஓடியிருக்கேன் நான். உன் முதுகைத் தவிர வேற எதையும் பார்த்ததில்ல. உன்னைவிட வேகமா ஒருத்தனை இந்த ஊர்ல நான் கண்டதில்ல."

இந்த வார்த்தையைக் கேட்க வெர்னுக்கு முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தான். குளிரவில்லை. வேறொன்றுதான் அவனைக் குடைந்துகொண்டிருந்தது.

"நேட் விஷயமா ஸ்டோஷ் உன்கிட்ட ஏதாவது பேசினானா?"

"பேசல. எதுக்குப் பேசணும்? அந்தப் பையன் நல்ல வேலைக்காரன். குழுவுல எல்லாரும் ஜனவரியிலேயே முடிவு பண்ணியாச்சு. அறிவிக்கறதுதான் பாக்கி."

வெர்ன் தலையாட்டினான். ரஸ், வானொலியில் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றான். "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வெர்ன் மறுபடி தார்ச் சட்டியின் பக்கம் திரும்பினான். நேட்டின் வேலைக்கு விலையாக யாராவது கேட்டு, ஸ்டோஷ் வெர்னை விட்டுக்கொடுத்திருந்தால்கூட அவன் புரிந்துகொண்டிருப்பான். யாரும் கேட்கவேயில்லை. கேட்காமலே ஸ்டோஷ் அவனை எடுத்து நீட்டியிருக்கிறான்.

அந்த வாரமே அவன் ஸ்டோஷின் சைலன்சர் பட்டறைக்குப் போனான். ஸ்டோஷ் ஒரு காரின் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். வந்தது யாரென்று பார்த்தவன் எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்," என்றான்.

"நீ வருவேன்னு நான் நினைச்சேன்."

"சொல்லத்தான் எந்திரிச்சேன், வெர்ன். சத்தியமா. ரஸ் மூஞ்சியைப் பார்த்தேன். நேட் பக்கத்துல உக்காந்திருந்தான். அவனுக்கு ரெண்டு குழந்தைங்க. இந்த வேலை கிடைக்கலைன்னா ஊரை விட்டே போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். பேரப்பிள்ளைங்க, வெர்ன். வாய் தானா பேசிடுச்சு."

"கால் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்ன. அது பயம். அதோட உக்காந்திருக்கலாம்ல? நீ உக்காரல. ரஸ்தான் பெரியவன்னும் சொன்ன. அதை யாரு கேட்டா?"

ஸ்டோஷ் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "அம்பது வயசுக்கு மேல ஆச்சுடா நமக்கு. யார் வேகமா ஓடினா என்ன இப்ப? கையைத் தூக்கறதுதானே, வெறும் தமாஷு!"

"எனக்கு ஓட்டத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. நீ வாயே திறக்க வேணாம்னு சொன்ன. நான் திறக்கல."

ஸ்டோஷ் துணியை மடித்துத் தரையில் வைத்தான்.

சொல்லலாமா வேண்டாமா என்று காரில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்த விஷயத்தை வெர்ன் இப்போது சொன்னான். "நேட்டுக்கு ஜனவரியிலேயே வேலை முடிவாயிடுச்சு. ரஸ் சொன்னான். நீ கடைசி வரைக்கும் சும்மா இருந்திருந்தாலும் கிடைச்சிருக்கும். என்னைப் பத்தி என்ன சொல்லியிருந்தாலும் கிடைச்சிருக்கும்."

ஸ்டோஷின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தோமோ என்று வெர்னுக்குத் தோன்றியது. பார்த்தாகிவிட்டது. எதுவும் லேசாகவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

ரஸ் சொன்னபடி செய்தான். ஆகஸ்ட் மாதம், வருடத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வானொலியில் மெல்லிடம் எல்லாவற்றையும் சொன்னான்: விரிசல் விட்ட எலும்பு, கார், தன் சட்டையைப் பிடித்த கை. ஊர் கேட்டது. கேட்டுவிட்டுப் பழையபடி காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தது.

"ரஸ் பெரிய மனுஷன்யா. தோத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு எப்படி விட்டுக்குடுக்கறான் பாரு!"

"அப்ப ஆட்டத்துலயே கால் உடைஞ்சது உண்மையில்லையா?"

"உண்மையா இருந்தா ஸ்டோஷ் சொல்லியிருக்க மாட்டானா? வெர்னுக்காக மூக்குல குத்து வாங்கினவன் அவன்!"

அந்தப் பேச்சு உணவகத்தில் வெர்னின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தது. அவன் முட்டையைச் சாப்பிட்டு முடித்து, காசு வைத்துவிட்டு எழுந்து போனான். ஸ்டோஷ் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நேராகிவிடும். ஸ்டோஷ் சொல்லவில்லை. சொன்னால் மகனுக்கு முன்னால் தான் பொய்யன் என்று ஆகிவிடும் அல்லவா.

நேட் பயிற்சியாளரானான். ஒருநாள் கடைத்தெருவில் வெர்னை வழிமறித்தான். "வெர்ன் மாமா, இந்த வருஷம் ஆட்டத்துக்கே வரலையே? அப்பாவும் மேல கடைசி வரிசையில தனியா உக்காந்திருக்காரு. உங்களுக்குள்ள என்ன?" பையனுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. வெர்ன் அவன் தோளைத் தட்டினான். "உன் பசங்க நல்லா ஆடறாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்று மட்டும் சொன்னான்.

டிசம்பரில் பெரிய பனி விழுந்தது. வெர்ன் விடிவதற்குள் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஸ்டோஷ் இருக்கிற தெரு அவனுடைய தடத்தில்தான் வரும். பனியைத் தள்ளிக்கொண்டு போகும் தகடு, போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மேட்டை விட்டுவிட்டுப் போகும். காலையில் காரை வெளியே எடுக்க முடியாமல் எல்லோரும் சாலைத் துறையைத் திட்டுவார்கள். இத்தனை குளிர்காலமும் ஸ்டோஷின் வீட்டு வாசலில் மட்டும் வெர்ன் தகட்டைத் திருப்பி, மேடு விழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லி அவன் அதைச் செய்ததில்லை.

விளக்கு எரிந்த வாசலில் ஸ்டோஷ் மண்வெட்டியோடு நின்றிருந்தான். லாரியைக் கண்டதும் கையைத் தூக்கினான், அரை உயரத்துக்கு. வெர்னின் கை தகட்டைத் திருப்பும் விசையின் மேல்தான் இருந்தது. அசையவில்லை. லாரி அதே வேகத்தில் போனது. பின்னால் ஸ்டோஷின் வாசலை அடைத்துக்கொண்டு, இடுப்பளவுக்குப் பனி குவிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஸ்டோஷ் இன்னும் அப்படியேதான் நின்றிருந்தான். பிறகு குனிந்து பனியை வாரத் தொடங்கினான்.

வெர்னுக்குச் சந்தோஷமாக இல்லை. தெருமுனையில் லாரியைத் திருப்பி, அடுத்த தெருவுக்குப் போனான்.